வலிக் கிளினிக்கில் உங்களிடம் என்ன கேட்டார்கள்?

தலவாக்கலை டீச்சர்:

அம்மாவுக்குக் கழுத்தில் தொடங்கி வலது கை விரல்நுனி வரை இறங்கும் வலி. இருபது வயதுக்கு முன்பே தேயிலைத் தோட்டத்தில் கூடை தூக்கியவர், இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டார். தோட்ட டிஸ்பென்சரியில் பெனடோல் என்ற பரசிட்டமோல், நகர ஆஸ்பத்திரியில் டைக்ளோஃபெனக், தனியார் டிஸ்பென்சரியில் பெயர் எழுதாத பொட்டலம், நடுவில் ஒரு முறிவு வைத்தியரின் எண்ணெய் என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. போன இடமெல்லாம் கடைசியில் ஒரே வசனம்: "பாரம் தூக்காதீர்கள், ஓய்வெடுங்கள்." ஓய்வெடுத்தால் பேர் விழாது, அன்றைய சம்பளம் இல்லை. பறித்த கொழுந்து கிலோ குறைந்தால் அரைப் பேர், பாதிச் சம்பளம். 2021 இல் நாள் சம்பளத்தை ஆயிரம் ரூபாய் ஆக்கிய பிறகு எங்கள் தோட்டத்தில் கிலோக் கணக்கை இன்னும் இறுக்கிவிட்டார்கள். ஓய்வெடுக்கச் சொல்லி எழுதித் தருகிற துண்டுக்கு எந்தப் பார்மசியில் மருந்து வாங்குவது?

வலிக்கென்றே ஒரு கிளினிக் கண்டிப் பக்கத்தில் நடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனோம். அதை நடத்துகிறவர் எலும்பு டொக்டரும் இல்லை, நரம்பு டொக்டரும் இல்லை. சத்திரசிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்கும் நிபுணர். "எனக்கு என்ன ஒபரேஷனா, மயக்கம் கொடுக்கிறவரிடம் கூட்டிப் போகிறாய்?" என்று அம்மா கம்பளை வரைக்கும் புலம்பிக்கொண்டே வந்தார். எந்த நரம்பு எந்த வழியாகப் போகிறது, அதை எங்கே மரக்க வைக்கலாம், எந்த மருந்து எவ்வளவு தாங்கும் என்பதெல்லாம் அவர்களுடைய அன்றாட வேலை என்பதால்தான் வலி வைத்தியமும் அவர்கள் கையில் இருக்கிறது என்று பிறகு விளங்கியது.

டொக்டர் சிங்களப் பெண். தமிழ் சமாளிப்பார். "என்ன வேலை?" என்று கேட்டார். "கொழுந்து" என்றார் அம்மா. மற்ற இடங்களில் அதை எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். இவர் பேனாவை வைத்துவிட்டார். கூடையா சாக்கா, கயிறு தலையில் எந்த இடத்தில் விழுகிறது, மழை நாளில் ஈரக் கொழுந்து எவ்வளவு கனக்கும், நிறுவைக்கு ஏற வேண்டுமா இறங்க வேண்டுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அம்மா சொல்லிப் பார்த்தார், சரிவரவில்லை. என் தோளில் கிடந்த பையைப் பிடுங்கி, அதன் வாரை உச்சந்தலையில் மாட்டிக்கொண்டு, சரிவில் நிற்பது போல் ஒரு காலை முன்னே வைத்துக் குனிந்து காட்டினார். கயிறு பட்டுப் பட்டு முடி தேய்ந்துபோன இடம் அப்போது பளிச்சென்று தெரிந்தது. டொக்டர் பின்னால் வந்து நின்று, பிடரிக்குக் கீழே இரண்டு விரலை வைத்து அழுத்தினார். பிறகு தலையை மெதுவாக வலப்பக்கம் சாய்த்துப் பின்னுக்குத் தள்ளினார். "ஐயோ அங்கேதான்! கட்டை விரல் வரைக்கும் ஓடுகிறது!" என்று அம்மா கத்தியதில் வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

இரவுக்கு அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் எழுதினார். தம்பி தொலைபேசியில் பார்த்துவிட்டு, "இது மனச்சோர்வு மருந்து, அம்மாவைப் பைத்தியம் என்று நினைத்துவிட்டார்கள்" என்று குதித்தான். டொக்டரோ அதை முதலிலேயே சொல்லி அனுப்பியிருந்தார். சிறிய அளவில் கொடுத்தால் நரம்பு வலியை அடக்கும், பலன் தெரியச் சில வாரமாகும், வாய் உலரும், காலையில் தூக்கம் கலையாது. அதனால்தான், காலையில் வேலைக்கு ஆள் கூடுவதைக் குறித்து, "பெரட்டு எத்தனை மணிக்கு?" என்று கேட்டு, படுக்கும்போது போடாமல் அந்தி சாய்ந்ததும் போடச் சொன்னார். முழுக்கக் குணமாகும் என்று வாக்குக் கொடுக்கவில்லை. "பாதியாகக் குறைந்தால் என்ன செய்ய ஆசை?" என்று கேட்டார். அம்மா யோசிக்காமல் "ரொட்டிக்கு மா பிசைய வேண்டும்" என்றார். அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டார். தலையில் பாரம் ஏற்றாத இலேசான வேலை கொடுக்கும்படி தோட்டத்துக்கு ஒரு கடிதமும் தந்தார்.

உங்களுக்கு என்ன மருந்து தந்தார்கள் என்று நான் கேட்கவில்லை, அது ஆளுக்கு ஆள் மாறும். உங்களிடம் என்ன கேட்டார்கள் என்று சொல்லுங்கள்.

ஹட்டன் த்ரீவீல்:

என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை டீச்சர். வாயைத் திற என்றார்கள். இடது கன்னத்தில் கரண்ட் அடித்தது போல ஒரு வெட்டு. பல் என்று நினைத்துப் பிடுங்கினார்கள். அடுத்த பல்லையும் பிடுங்கினார்கள். பல் போன இடத்திலும் வெட்டு விடவில்லை. பிடுங்கினவரைக் குறை சொல்ல மனமில்லை, நானே அந்தப் பல்லைத்தான் விரலால் தொட்டுக் காட்டினேன்.

பிறகு ஒரு இளம் டொக்டரிடம் போய்ச் சேர்ந்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "சவரம் செய்திருக்கிறீர்களே, ஏன் ஒரு பக்கம் மட்டும்?" இடது கன்னத்தில் பிளேடு பட முடியாது என்றேன். முகம் கழுவினால் வருமா, குளிர் காற்றுப் பட்டால் வருமா, ஒரு வெட்டு எத்தனை விநாடி இருக்கும், இரண்டு வெட்டுக்கு நடுவில் சுத்தமாக ஒன்றும் இல்லாமல் இருக்கிறதா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆம். முகத்துக்கு வருகிற நரம்பில்தான் கோளாறு, பல்லில் இல்லை என்றார். கார்பமசெபின் சிறிய அளவில் தொடங்கினார். இடைக்கிடை இரத்தம் சோதிக்க வேண்டும், தோலில் தடிப்பு வந்தால் உடனே ஓடி வா என்றார். மருந்து பழகும் வரை தலை சுற்றும், வண்டி ஓட்டாதே என்றும் சொன்னார். அந்த நாட்களில் வண்டி வீட்டு வாசலில் நின்றது, குத்தகைக் காசு மட்டும் நிற்கவில்லை. இப்போது ஓட்டுகிறேன். இரண்டு பக்கமும் சவரம் செய்கிறேன்.

நுவரெலியா மரக்கறித் தோட்டம்:

லீக்ஸும் கரட்டும் போடுகிறேன். சீனி வருத்தம் (நீரிழிவு) பல வருடமாக இருக்கிறது. இரண்டு பாதமும் எரிகின்றன, இரவில்தான் கூடுதல். சேற்றில் நின்றால் கொஞ்சம் சுகமாக இருப்பதால், பகல் முழுவதும் வேலைதான் மருந்து என்று இருந்தேன்.

டொக்டர் கேட்டது: "இரவில் போர்வை காலில் பட்டால் தாங்குமா?" எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. ஜனவரியில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கிற ஊரில், நான் மட்டும் பாதத்தைப் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டு படுக்கிறேன் என்பது என் மனைவிக்குத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அதை ஒரே கேள்வியில் பிடித்துவிட்டார். பிறகு சப்பாத்தையும் காலுறையையும் கழற்றச் சொன்னார். கண்ணை மூடச் சொல்லிவிட்டு மெல்லிய நைலோன் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டார். பட்ட இடத்தைச் சொல்ல வேண்டும். பாதி இடங்களில் எனக்குத் தெரியவே இல்லை. எரிகிற காலுக்கு எப்படி உணர்ச்சி இல்லாமல் போகும்? பழுதான நரம்பு சும்மா இருக்கும்போது வலியைக் கிளப்பும், உண்மையில் ஏதாவது பட்டால் சொல்லாது என்றார். சின்ன விரலுக்கு அடியில் ஒரு புண் இருந்தது. எப்போது வந்தது என்று எனக்கே தெரியாது. வலியைக் காட்டப் போன நான் வலிக்காத புண்ணோடு வேறொரு கிளினிக்குக்கு அனுப்பப்பட்டேன். அன்றிலிருந்து சப்பாத்துக்குள் கையை விட்டுத் தடவிப் பார்க்காமல் காலை நுழைப்பதில்லை.

பிரகாபலின் எழுதினார். அதை வாங்குவதுதான் பெரும்பாடு. போதைக்கு விழுங்குகிறார்கள் என்று இளைஞர்களைப் பிடிக்கிற செய்தி அடிக்கடி வருகிறதல்லவா? மகனைத் துண்டோடு அனுப்பினால், பார்மசிக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மருந்து இல்லை என்றார். அதே கடையில் நான் போய் நின்றபோது இருந்தது! டொக்டரிடம் சொன்னதும் துண்டில் பெயர், முத்திரை, திகதி எல்லாம் தெளிவாகப் போட்டுத் தந்தார். கிளினிக் கொப்பி இல்லாமல் போகாதீர்கள் என்றும் சொன்னார்.

இன்னொன்று. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மலை சரிந்து பாதைகள் அடைபட்டபோது மருந்து தீர்ந்துவிட்டது. இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்று அவர் எச்சரித்தது அப்போதுதான் உறைத்தது. தூக்கமில்லை, வியர்த்துக் கொட்டியது, எரிச்சல் முன்பைவிட அதிகம். மண் சரிவுக்கு மாத்திரை அட்டவணை தெரியுமா என்ன?

பதுளை, பழைய தொழிற்சாலை ஆள்:

எல்லாரும் நன்றாகச் சொல்கிறீர்கள். எனக்கு அப்படி நடக்கவில்லை. தேயிலை மூட்டை தூக்கி இடுப்பு போய்விட்டது, வலது கால் முழுவதும் இழுக்கிறது. முதுகில் ஊசி போட்டார்கள். சில வாரம் பறந்து திரிந்தேன். பிறகு பழையபடி. திரும்பப் போனால் டொக்டர் "வீட்டில் ஏதும் பிரச்சினையா, தூக்கம் வருகிறதா, கவலை இருக்கிறதா" என்று கேட்கிறார். ஸ்கேனில் வட்டு பிதுங்கி நிற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு என் வீட்டைப் பற்றி ஏன் கேட்க வேண்டும்? இடுப்பு வலிக்கு மனைவியா காரணம்?

கோபத்தில் எங்கள் தோட்டத்தில் உடுக்கை அடித்துக் குறி சொல்லும் கோடாங்கியிடம் போனேன். சிரிக்காதீர்கள். அந்த மனிதர் உடுக்கையை எடுப்பதற்கு முன்பு வெகுநேரம் பேசினார். எந்த வருடம் வலி வந்தது, அப்போது வீட்டில் யார் இறந்தார், யாரோடு பேச்சுவார்த்தை இல்லை, கனவில் என்ன வருகிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வலி குறைந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன். டொக்டர் கொடுத்தது ஐந்து நிமிடம்.

கண்டி தாதி:

பதுளை அண்ணா, கோபிக்காமல் கேளுங்கள். கோடாங்கி கேட்டதும் டொக்டர் கேட்டதும் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான்! அவர் நிதானமாகக் கேட்டார், இவர் அவசரத்தில் கேட்டார், அதனால் ஒன்று ஆறுதலாகவும் மற்றது குற்றச்சாட்டாகவும் பட்டிருக்கிறது. அந்தக் கேள்வியை எல்லா வலி நோயாளியிடமும் கேட்பார்கள். தூக்கம் கெட்டால் வலி கூடும், வலி கூடினால் தூக்கம் கெடும். உங்கள் வலி பொய் என்று அதற்கு அர்த்தமில்லை. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற வலியை நாட்பட்ட வலி என்கிறோம். உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலில் 2022 முதல் அதற்குத் தனி இடமே இருக்கிறது. ஊசியும் குணப்படுத்த மட்டும் போடுவதில்லை. அது வலியை அடக்கி வைக்கும் வாரங்களில் நீங்கள் நடந்து, பயிற்சி செய்து, முதுகுத் தசையைத் தேற்றிக்கொள்ள வேண்டும். அதை உங்களுக்கு யாராவது விளக்கினார்களா? விளக்கியிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். அது எங்கள் பக்கத்துக் குறை.

கிளினிக் நாளில் வாசல் வரை ஆட்கள் நிற்கும்போது ஒருவருக்கு அரை மணி நேரம் ஒதுக்க எந்த டொக்டராலும் முடியாது. அதனால் வருகிறவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்வது, வலி எப்படி இருக்கிறது என்று விவரிப்பதைவிட, வலியால் என்ன செய்ய முடியவில்லை என்று எழுதிக்கொண்டு வாருங்கள். டீச்சரின் அம்மா மா பிசைய வேண்டும் என்று சொன்னது டொக்டருக்கு ஒன்றிலிருந்து பத்து வரை போடச் சொல்லும் புள்ளியைவிடப் பெரிய உதவி. புள்ளி கேட்டால் எங்கள் தோட்டத்து அம்மாமார் டொக்டர் முகத்தைப் பார்த்து, மரியாதைக்கு "ஐந்து" என்பார்கள்.

வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். வெட்கப்பட வேண்டாம், எண்ணெய், கஷாயம் உட்பட. பிரஷர் மருந்து எடுக்கிறவர் கடையில் வாங்கிய டைக்ளோஃபெனக்கையும் சேர்த்து விழுங்கினால் பிரஷரும் ஏறும், சிறுநீரகமும் கெடும். பெனடோல் பாவம் ஒன்றும் செய்யாது என்று நினைக்கிறார்கள். வளர்ந்தவர்களுக்கே ஒரு நாளைக்கு 500 மில்லிகிராம் மாத்திரை எட்டுக்கு மேல் போகக் கூடாது. தடிமன் மாத்திரைக்குள்ளும் அதே மருந்து இருக்கலாம், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மொழிபெயர்க்கப் பள்ளிப் பிள்ளையைக் கூட்டி வராதீர்கள். பேரனுக்கு முன்னால் எந்தப் பாட்டி அடிவயிற்று வலியைச் சொல்வார்? சிங்களம் தெரிந்த ஒரு பெரிய பெண்ணைக் கூட்டி வாருங்கள், அல்லது வார்டில் தமிழ் பேசுகிற ஊழியர் இருக்கிறாரா என்று கேளுங்கள். முதல் பஸ்ஸில் வந்தும் நம்பர் முடிந்துவிட்டால், எங்கிருந்து வருகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். மஸ்கெலியாவிலிருந்து வந்தவரை அப்படியே திருப்பி அனுப்ப யாருக்கும் மனம் வராது. நுவரெலியா அண்ணனுக்கு ஒரு வார்த்தை: ஒரு கிழமைக்கான மாத்திரை எப்போதும் கையிருப்பில் இருக்கும்படி முன்கூட்டியே வாருங்கள். மழைக்காலத்தில் இன்னும் கவனம்.

மஸ்கெலியா மகள்:

தாதி அக்கா எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னதால் எழுதுகிறேன். அப்பாவுக்குப் புற்றுநோய். எலும்புக்குப் பரவிவிட்டது என்று சொன்ன பிறகு, மருந்து கொடுத்துக் குணப்படுத்தும் பேச்சு நின்றுவிட்டது. 2022, பெற்றோலுக்கு வரிசை நின்ற காலம். வலியில் அவர் பல்லைக் கடிக்கிற சத்தம், தோட்டத்து வரிசை வீடான லயத்தில் அடுத்த காம்பிராவுக்குக் கேட்கும்.

அந்த டொக்டர் அப்பாவிடம் அதிகம் கேட்கவில்லை, பேச அவரால் முடியவில்லை. என்னிடம்தான் கேட்டார். "இரவில் யார் எழும்புகிறீர்கள்?" என்றார். நான்தான் என்றேன். "அடுத்த நாள் வேலைக்குப் போகிறீர்களா?" போகிறேன் என்றேன். மோர்ஃபின் மாத்திரையை நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை, வலி வந்தாலும் வராவிட்டாலும் கொடுக்க வேண்டும் என்று எழுதினார். வலி வந்த பிறகு கொடுத்தால் அதைத் துரத்திக்கொண்டே ஓட வேண்டியிருக்கும் என்றார். நள்ளிரவுக்குப் பிறகு நான் எழும்பாமல் இருப்பதற்காக, படுக்கும்போது கொடுக்கும் அளவை இரட்டிப்பாக்கினார். நடுவில் வலி பீறிட்டால் கொடுக்கத் தனியாக ஒரு அளவு. முதல் சில நாள் குமட்டும், பிறகு நின்றுவிடும், ஆனால் மலச்சிக்கல் நிற்காது என்று அதற்கும் மருந்தை அன்றே சேர்த்துத் தந்தார். அதைக் கொடுக்காமல் விட்டால் அப்பா மோர்ஃபினையே வேண்டாம் என்பார் என்று முன்பே சொன்னார். அப்படியேதான் நடக்கப் பார்த்தது.

சித்தப்பா சண்டைக்கு வந்தார். மோர்ஃபின் என்றால் கடைசி, அதைக் கொடுத்தால் பழகிவிடுவார், ஆளை முடித்துவிடுவார்கள் என்று. அவரையும் அடுத்த தடவை கூட்டிப் போனேன். டொக்டர் அவரை உட்கார வைத்து, இது உலக சுகாதார அமைப்பே 1986 இல் எல்லா நாட்டுக்கும் சொல்லிக்கொடுத்த முறை, வாயால் கொடு, நேரம் பார்த்துக் கொடு என்பதுதான் அதன் சாரம் என்றார். வலிக்கு அளவாகக் கொடுத்தால் ஆள் சாகமாட்டார், வலியில்லாமல் இருப்பார் என்றார். சித்தப்பா திரும்பி வருகிற வழியெல்லாம் பேசவில்லை. பிறகு மாத்திரை நேரத்துக்கு என்னைவிட அவர்தான் கடிகாரம் பார்த்தார்.

எனக்கு மறக்காத கேள்வி இது: "பஸ் ஓடாவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்னிடம் பதில் இல்லை. அவரே தொலைபேசியை எடுத்து எங்களுக்குப் பக்கத்திலுள்ள ஆஸ்பத்திரி டொக்டரோடு பேசினார். கட்டுப்பாட்டு மருந்து என்பதால் புத்தகத்தில் பதிந்து, கையெழுத்து வாங்கித்தான் தருவார்கள். அந்தப் பதிவையெல்லாம் அங்கேயே செய்ய ஏற்பாடு பண்ணினார். அப்பா அதற்குப் பிறகு மாதக்கணக்கில் இருந்தார். வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து, கடதாசி விளையாடுகிறவர்களைப் பின்னாலிருந்து திட்டிக்கொண்டிருப்பார். போன பிறகு மீதி மாத்திரையை எண்ணித் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். யாராவது வீட்டில் வைத்திருந்தால் தயவுசெய்து திருப்பிக் கொடுங்கள்.

பண்டாரவளை:

பெயர் எழுதாத பொட்டலம் என்று டீச்சர் எழுதியதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விரல் மூட்டெல்லாம் வீங்கி, காலையில் தேநீர்க் கோப்பையைப் பிடிக்க முடியாமல் இருந்தேன். ஒரு தனியார் டிஸ்பென்சரியில் மூன்று நிற மாத்திரை தந்தார்கள். மறுநாளே அற்புதம்! வேலைக்குப் போனேன், கோயிலுக்குப் போனேன். முகம் பூசினாற்போல் உருண்டது. "நன்றாகத் தேறிவிட்டாய்" என்று ஊரே பாராட்டியது. சீனி ஏறியது, பிரஷர் ஏறியது, கை பட்ட இடமெல்லாம் நீலம் பாரித்தது. மாத்திரையின் பெயரைக் கேட்டால், "உனக்கு எதற்கு அது?" என்றார்கள். வைத்தியம் என்ற பெயரில் இதைச் செய்கிறவர்களை மன்னிக்கவே முடியாது.

வலி டொக்டர் பொட்டலத்தை மேசையில் கொட்டச் சொன்னார். சின்ன வெள்ளை மாத்திரையை நகத்தால் ஒதுக்கி, "இது ஸ்டீரொய்ட்" என்றார். கோபத்தில் இன்றோடு நிறுத்துகிறேன் என்றேன். கூடாது, திடீரென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது, படிப்படியாகத்தான் இறக்க வேண்டும் என்று அளவு எழுதித் தந்தார். பிறகு கேட்டார்: "காலையில் எழும்பினால் எவ்வளவு நேரம் விரல் மடங்காமல் இருக்கும்?" எங்கள் லயத்து வாசலில் வெயில் விழும் வரை என்றேன். கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக் கணக்குப் போட்டார். ஒரு மணி நேரத்துக்கு மேல். இது என் வைத்தியத்தில் வராது, மூட்டுவாத டொக்டரைத்தான் பார்க்க வேண்டும் என்று அன்றே கடிதம் எழுதினார். வலி டொக்டர் எனக்குச் செய்த பெரிய உதவி, என்னைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் அனுப்பியதுதான்.

இப்போது மூட்டுவாதத்துக்கு மெதொட்ரெக்சேட் மாத்திரை. கிழமைக்கு ஒரு நாள் மட்டும். தினமும் போட்டால் ஆளையே கொன்றுவிடும் என்பதால் நாட்காட்டியில் ஞாயிறு எல்லாம் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறேன். ஃபோலிக் அமிலம் வேறு நாளில். இரத்தப் பரிசோதனைக்குத் தவறாமல் போகிறேன். அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை, மெதுவாகத்தான் இறங்குகிறது.

கொட்டகலை:

என் மனைவிக்கும் கை வலி இருக்கிறது. நேரே வலிக் கிளினிக்குப் போகலாமா, துண்டு வேண்டுமா? டீச்சர், அந்த இலேசான வேலைக் கடிதத்தைத் தோட்டத்தில் ஏற்றுக்கொண்டார்களா?

தலவாக்கலை டீச்சர்:

கடிதம் வேண்டும் அண்ணா. எங்களுக்கு நகர ஆஸ்பத்திரியில் அம்மாவை வழக்கமாகப் பார்க்கும் டொக்டர் எழுதித் தந்தார். அவராக எழுதவில்லை, வலிக் கிளினிக் ஒன்று இருக்கிறதாமே என்று நாங்கள் கேட்ட பிறகுதான் எழுதினார். அங்கே காட்டுகிற கொப்பி, படம், இரத்த ரிப்போர்ட் எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போங்கள். இல்லாவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார்கள்.

இலேசான வேலை அவ்வளவு இலேசாகக் கிடைக்கவில்லை. கடிதத்தை வெளிக்கள உத்தியோகத்தரிடம் கொடுத்தபோது, "எல்லாரும் இப்படிக் கடிதம் கொண்டு வந்தால் கொழுந்தை யார் எடுப்பது?" என்றார். கேள்வி நியாயமானதுதான், பதில் சொல்ல வேண்டியவர் மட்டும் அம்மா இல்லை. சிறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பிராவில் இடமில்லை என்றார்கள். தொழிற்சங்கத் தலைவர் இரண்டு முறை போய்ப் பேசியதில், தேயிலைக் கன்று வளர்க்கும் தவறணையில் கன்றுக்கு மண் நிரப்பும் வேலை தந்திருக்கிறார்கள். அதுவும் ஒரு மாதத்துக்குத்தான், பிறகு பார்க்கலாமாம். அங்கே குனிந்து உட்கார்ந்தே இருப்பதால் கழுத்து வேறு விதமாகப் பிடிக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து தோளைச் சுழற்றச் சொல்லியிருக்கிறார்கள். செய்தால் பக்கத்தில் இருப்பவர்கள் பரதநாட்டியம் என்று கேலி செய்கிறார்களாம், அம்மா விடாமல் செய்கிறார்.

பதுளை அண்ணாவுக்கு: பயிற்சி பற்றித் தாதி அக்கா சொன்னதை வைத்துக்கொண்டு மறுபடியும் ஒரு முறை போய்க் கேளுங்கள். பயிற்சிப் பிரிவுக்குத் தனியாக ஒரு கடிதம் தருவார்கள். அம்மாவுக்கு அப்படித்தான் கிடைத்தது. அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது, அந்தக் கடிதத்தோடு பதுளைப் பக்கத்திலேயே பயிற்சிக்குப் போக முடியுமா என்று விசாரித்து எழுதுகிறேன்.